ரூட்: வேரா, வழியா?

"போனை ரூட் பண்ணிட்டேன்" என்று சொன்னால், ஆண்ட்ராய்டில் கைவைத்துப் பழகியவருக்குச் சட்டென்று புரிந்துவிடும்: போனின் முழு அதிகாரமும் இவர் கைக்கு வந்துவிட்டது. பழகாதவர் காதில் வேறு மாதிரி விழும். தமிழில் ரூட் என்றால் முதலில் பஸ் போகும் ரூட்தான். 'ரூட்டை மாத்து', 'ரூட் கிளியர்', 'அவன் தனி ரூட்ல போறான்', அப்புறம் யாரோ யாருக்கோ 'ரூட் விடுறது'. ஆங்கிலத்தில் வேரைக் குறிக்கும் சொல்லுக்கும் வழியைக் குறிக்கும் சொல்லுக்கும் எழுத்து வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். 'ரூட்டரை ரூட் பண்ண முடியுமா?' என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான், வைஃபை ரூட்டரிலும் அப்படி அதிகாரத்தைக் கைப்பற்றலாம். ஆனால் அந்த வாக்கியத்தில் வரும் இரண்டு ரூட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆகவே இந்தச் சொல்லுக்குத் தமிழ் தேடுவதை வெறும் தமிழார்வம் என்று ஒதுக்க முடியாது. தமிழ் எழுத்தில் எழுதுகிறவருக்கு அது தேவை.

இந்த ரூட், வேர். 1969-ல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிவைத்த யூனிக்ஸில் கோப்புகள் எல்லாம் ஒரே மரமாக அடுக்கப்பட்டிருக்கும். கிளை, கிளைக்குள் கிளை, அதற்குள் கோப்பு. எல்லாம் கிளம்பும் இடம் வேர். அதற்கு அடையாளம் ஒற்றைச் சாய்கோடு, /. வரைந்து காட்டும்போது மட்டும் மரம் தலைகீழாக நிற்கும், வேர் மேலே கிளை கீழே. கணினி முழுவதையும் ஆளும் கணக்குக்கும் ரூட் என்றே பெயர். பழைய யூனிக்ஸில் அந்தக் கணக்கின் வீடே அந்தச் சாய்கோடுதான். மற்றவர்களுக்குக் கிளையில் கூடு, இவருக்கு மட்டும் வேரில் வீடு. பயனர் எண் 0.

ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ் கருவகம் (கெர்னல், இயங்குதளத்தின் மையப் பகுதி), அது யூனிக்ஸின் வழக்கங்களில் வளர்ந்தது. ஆனால் ஆண்ட்ராய்டு அந்த வழக்கத்தில் ஒரு வேலை செய்தது. யூனிக்ஸில் பயனர் என்றால் பெரும்பாலும் மனிதர். ஆண்ட்ராய்டில் செயலிகள்தாம் பயனர்கள். ஒவ்வொரு செயலிக்கும் 10000-த்துக்கு மேல் ஒரு எண், ஒன்றின் கோப்பை இன்னொன்று தொட முடியாது. கணினியோடு இணைத்துக் கட்டளை தரும்போது கிடைக்கும் ஷெல்லுக்கு 2000, இயங்குதளத்தின் உள்வேலைகளுக்கு 1000. ரூட்டுக்கு அதே பழைய 0. காசு கொடுத்துப் போனை வாங்கியவருக்கு இந்த வரிசையில் எண்ணே கிடையாது. அவர் செயலிகள் வழியாகத்தான் போனைத் தொடுகிறார். செயலிக்கு எவ்வளவு அனுமதியோ, அவருக்கும் அவ்வளவுதான்.

ரூட் செய்வது என்பது அந்த 0-ஐக் கைக்குக் கொண்டுவருவது. பார்ப்பதற்கு மிகச் சாதாரணமான காட்சி அது. போனில் கட்டளைகளைத் தட்டுவதற்கான ஒரு முனையச் செயலியைத் திறந்தால் $ குறி காத்திருக்கும். எஸ், யூ என்று இரண்டே எழுத்துள்ள கட்டளையைத் தட்டினால் 'இந்தச் செயலிக்கு அனுமதி தரலாமா?' என்று ஒரு பெட்டி வரும். தரலாம் என்றால் $ மறைந்து # வந்து நிற்கும். பட்டாசு எதுவும் வெடிக்காது. ஒரு குறி மாறியது, அவ்வளவுதான். ஆனால் அந்த # நிற்கும்போது நீங்கள் எதை அழிக்கச் சொன்னாலும் 'நிச்சயமாகவா?' என்று போன் திருப்பிக் கேட்காது.

இந்த வேட்டை ஆண்ட்ராய்டின் வயதே உடையது. முதல் ஆண்ட்ராய்டு போனான எச்டிசி டிரீம், ஜி1 என்ற பெயரில் 2008 அக்டோபரில் வந்தது. இழுத்தால் வெளியே வரும் நிஜ விசைப்பலகை அதில் உண்டு. அடுத்த மாதமே ஒரு வேடிக்கை தெரியவந்தது. அந்த விசைப்பலகையில் எதைத் தட்டினாலும், எந்தச் செயலியில் தட்டினாலும், அதன் ஒரு பிரதி பின்னால் ரூட் உரிமையோடு விழித்திருந்த ஷெல்லுக்கும் போய்க்கொண்டிருந்தது. நண்பருக்கு அனுப்பும் செய்தியில் 'ரீபூட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தனி வரியாகத் தட்டி எண்டரை அழுத்தினால் போன் நிஜமாகவே அணைந்து எழுந்தது! அதே வழியில் 'டெல்நெட்டி' என்று தட்டி, வெளியிலிருந்து உள்ளே நுழையக் கதவு திறந்துகொண்டார்கள். கூகுள் விரைவில் அடைத்துவிட்டது. ஆனால் ருசி கண்டவர்கள் விடவில்லை. நிறுவனம் தந்த ஆண்ட்ராய்டுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளும் ஆண்ட்ராய்டாக, 2009-ல் ஸ்டீவ் கொண்டிக் தொடங்கிய சயனோஜென்மாட் இந்தப் போனிலிருந்துதான் கிளம்பியது. 2016 டிசம்பரில் அது மூடப்பட்டபோது அதன் நிரலை எடுத்துக்கொண்டு லீனியேஜ்ஓஎஸ் வளர்ந்தது.

2010-ல் பரவிய இன்னொரு தந்திரத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. கணினியோடு பேசும் உள்நிரல் ஒன்று ஆண்ட்ராய்டில் இருக்கிறது. எழும்போது அது 0-வாக எழும், பிறகு தானே இறங்கி 2000 ஆகிவிடும். ஒரு எண்ணின் பெயரில் இத்தனை வேலைகள்தாம் ஓடலாம் என்று லினக்ஸில் வரம்பு உண்டு. தந்திரக்காரர்கள் 2000-ன் பெயரில் வரம்பு முட்டும்வரை வெட்டி வேலைகளை நிரப்பிவிட்டு, அந்த உள்நிரலைக் கொன்றார்கள். அது மறுபடி 0-வாக எழுந்து 2000-க்கு இறங்கப் பார்த்தது, அங்கே இடமில்லை. இறங்கினோமா இல்லையா என்று திரும்பிப் பார்க்கும் ஒரு வரி நிரலில் விடுபட்டிருந்ததால், இறங்காமலே 0-வாக வேலையைத் தொடர்ந்தது. பூட்டை உடைக்கவே இல்லை, காவலாளியின் நாற்காலியில் ஆளை உட்கார வைத்துவிட்டார்கள்.

இனி தமிழுக்கு வருவோம். ஆங்கில ரூட்டுக்குத் தமிழில் ஏற்கெனவே இரண்டு சொற்கள் வேலை பார்க்கின்றன: வேர், மூலம். கணக்கில் வர்க்கமூலம், மொழியில் வேர்ச்சொல், விசாரணையில் மூலகாரணம். ரூட் உரிமையை 'மூலவுரிமை' என்று சொல்லலாமே என்றால், கணினித் தமிழில் மூலம் என்பதை வேறொருவர் எப்போதோ பிடித்துக்கொண்டார். மூலநிரல், திறமூலம் என்றெல்லாம் வருவது நிரலின் பிறப்பிடத்தை. திறமூல இயங்குதளத்தில் மூலவுரிமை என்று எழுதினால் எந்த மூலம் என்று வாசகர் தடுமாறுவார். போதாக்குறைக்கு, மூலம் என்றதும் வைத்தியர் விளம்பரம் ஞாபகம் வருகிறவர்களும் நம்மில் உண்டு.

வேர் தேவலை. பழைய சாய்கோட்டுக்கு வேரடைவு, 0 எண் கணக்குக்கு வேர்ப்பயனர், அந்த அதிகாரத்துக்கு வேருரிமை. மரம் என்ற உருவகம் தமிழிலும் அப்படியே நிற்கிறது, இலக்கணமும் இடறவில்லை. சூப்பர் யூசர் என்ற இன்னொரு பெயருக்கு மீக்கணினி (சூப்பர் கம்ப்யூட்டர்), மீயுரை (ஹைப்பர்டெக்ஸ்ட்) வழியில் மீப்பயனர் என்று சொல்லிக்கொள்ளலாம். சிக்கல் வினைச்சொல்லில்தான். 'வேர்த்தல்' என்றால் வியர்த்துவிடும். 'வேரூன்றுதல்' நிலைத்து நிற்பதைச் சொல்வது. 'வேரறுத்தல்' சொல்லவே வேண்டாம், அது செய்ததற்கு நேரெதிர். ஆகவே ஒற்றை வினையாக்கப் பிடிவாதம் பிடிக்காமல் 'வேருரிமை எடுத்தல்' என்பதே என் தேர்வு. 'பெறுதல்' என்று எழுதுவோரும் உண்டு. ஆனால் பெறுவதற்கு யாராவது தரவேண்டும். இங்கே யாரும் தருவதில்லை, நாமாக எடுத்துக்கொள்கிறோம்.

பேச்சில் இன்னொரு குழப்பமும் உண்டு. 'ரூட் பண்ணி ரோம் போட்டேன்' என்று ஒரே மூச்சில் சொல்வதால் இரண்டும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். போன் எழும்போது முதலில் ஓடி இயங்குதளத்தை ஏற்றும் பூட்லோடரின் பூட்டைத் திறப்பது ஒன்று; அதில் போனிலுள்ள உங்கள் தரவு எல்லாம் வழக்கமாக அழிந்துவிடும். உள்ளிருக்கும் மென்பொருளை மாற்றுவது, அதாவது ரோம் போடுவது, இரண்டாவது. வேருரிமை எடுப்பது மூன்றாவது. லீனியேஜை அப்படியே போட்டால் செயலிகளுக்கு வேருரிமை வராது, வேண்டுமென்றால் வேருரிமை தரும் மேஜிஸ்க் போன்ற ஒரு கருவியைத் தனியாகச் சேர்க்க வேண்டும். பழைய போனுக்குப் புதிய ஆண்ட்ராய்டு மட்டும் போதும் என்பவருக்கு வேருரிமையே தேவைப்படாது. சொல்லப்போனால் அது இல்லாவிட்டால் நல்லது. வங்கிச் செயலிகள் இதை மோப்பம் பிடித்து அடம்பிடிக்கும்.

அந்த ரோம் என்பதும் பொய்ப்பெயர்தான். படிக்க மட்டுமே முடிகிற நினைவகம் என்பது அதன் விரிவு. அதில் எழுதி எழுதி அழிப்பதைத்தான் நாம் ரோம் மாற்றுவது என்கிறோம். ரேம், ரோம் என்று இரண்டும் காதில் ஒட்டிப் பிறந்தவை வேறு. முன்னால் வரும் கஸ்டம் தமிழ் நாவில் கஷ்டமாகிவிடுகிறது, செய்து பார்த்தவர்கள் அதைப் பிழை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கஸ்டம் என்பதற்குத் 'தனிப்பயன்' என்று மொழிபெயர்ப்புகளில் வருகிறது. ஒருவருக்கென்று அளவெடுத்துத் தைத்தது என்ற பொருளில் அது சரி. இங்கே அளவெடுத்தவர் யாரும் இல்லை. தயாரித்த நிறுவனம் கொடுத்ததற்குப் பதிலாக வேறொன்று, அவ்வளவுதானே? 'மாற்று' என்றால் முடிந்தது. 2009-ல் விண்டோஸ் மொபைலோடு வந்த எச்டிசி எச்டி2 போனில் ஆர்வலர்கள் ஆண்ட்ராய்டைக் குடியேற்றினார்கள், அதற்கு 'தனிப்பயன்' எப்படிப் பொருந்தும்? 'மாற்று' பொருந்துகிறது.

ரோமுக்கு முறையான பெயர் ஃபர்ம்வேர். தமிழில் 'நிலைபொருள்' என்பது புழக்கத்துக்கு வந்துவிட்ட சொல், நானும் எழுதுகிறேன். ஆனாலும் அதில் எனக்கு ஒரு வழக்கு உண்டு. கணினிக்கான பொருளில் சாஃப்ட்வேர் என்ற சொல்லை 1958-ல் அச்சில் கொண்டுவந்தவர் ஜான் டூக்கி என்பார்கள். வன்பொருளுக்கு எதிர்ச்சொல்லாக அமைந்த மென்பொருள். 1967-ல் ஆஷர் ஆப்ளர் ஒரு கணினி இதழில் எழுதியபோது வன்மையும் இல்லாத மென்மையும் இல்லாத ஒன்றுக்குப் பெயர் தேவைப்பட்டது. கணினியின் அடிப்படைக் கட்டளைகளையே வரையறுக்கும் நுண்நிரல் அது. கம்பியைப் பிடுங்கி மாட்டாமல் அதை மாற்றி எழுதலாம், ஆனால் சாதாரண நிரலைப்போல் அடிக்கடி மாற்றுவதில்லை. கல்லுக்கும் களிமண்ணுக்கும் இடைப்பட்ட இறுக்கம், அதனால் ஃபர்ம். மாற்றலாம் என்பது அந்தச் சொல்லின் பிறப்பிலேயே இருந்த பொருள். பிறகு சில்லுகளுக்குள் நிரந்தரமாக அடைத்துவைத்த நிரலுக்கும் அதே பெயர் பரவியதால், ஃபர்ம் என்றால் அசையாதது என்ற எண்ணம் உண்டாகி, தமிழுக்கு வரும்போது 'நிலை' ஆகிவிட்டது.

சரியாகப் பார்த்தால் இங்கே தேவை 'திண்' என்ற அடி. திண்மை, திட்பம், திண்ணம் எல்லாம் அதன் பிள்ளைகள். உறுதி என்பது பொருள், அசையாமை என்பதல்ல. திண்பொருள் என்று அமைத்திருந்தால் வன்பொருள், மென்பொருள் என்ற வரிசையில் அச்சாகப் பொருந்தியிருக்கும். இயற்பியல் பாடத்தில் திண்மப் பொருள் என்றால் கல், மரம், இரும்பு என்பதால் தயங்கியிருக்கலாம். இப்போது நிலைபொருள் ஊன்றிவிட்டது. அதை ஒருவர் மாற்றியமைக்கும்போது 'நிலைபொருளை மாற்றினேன்' என்று வரும் முரணைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மாற்றும் செயலை 'ஃபிளாஷ் பண்றது' என்கிறோம். கேமரா ஃபிளாஷுக்கும் இதற்கும் நிஜமாகவே தொடர்பு உண்டு. தோஷிபாவில் ஃபூஜியோ மசுவோகா உருவாக்கிய நினைவகத்தில், ஒவ்வொரு எழுத்தாக அழிக்காமல் ஒரு பகுதி முழுவதும் ஒரே வீச்சில் அழிந்துவிடும். அது கேமரா ஃபிளாஷ்போலப் பளிச்சென்று நடப்பதாகச் சொல்லி உடன் பணியாற்றிய ஷோஜி அரிஸுமி அந்தப் பெயரைச் சூட்டினார். 1984-ல் அது உலகுக்கு அறிமுகமானது. ஆகவே ஃபிளாஷில் ஒளிந்திருப்பது எழுதுவது அல்ல, அழிப்பது. செயலியை நிறுவுகிறோம், இதை 'பதிக்கிறோம்' என்று நான் எழுதுவது அதனால்தான். நிறுவினால் பக்கத்தில் இன்னொன்று இருக்கலாம். பதித்தால் முன்பு அந்த இடத்தில் இருந்தது போய்விடும்.

பதித்தது தவறினால் வரும் சொல்லுக்கு மட்டும் யாரும் அகராதியைத் தேடவில்லை. பிரிக் ஆனது என்று ஆங்கிலத்தில் சொன்னதை 'செங்கல் ஆயிடுச்சு' என்று நம்மவர்கள் அன்றைக்கே மாற்றிக்கொண்டார்கள். என்னிடம் இருந்த பழைய டேப்லெட் ஒன்றுக்கு ஒரே பெயரில் இரண்டு மாதிரிகள், மாதிரி எண்ணின் கடைசி இலக்கம் மட்டும் வேறு. நான் அடுத்த மாதிரிக்குரிய கோப்பைப் பதித்துவிட்டேன். நிறுவனச் சின்னம் வரும், மறையும், மறுபடி வரும். அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் மின் பொத்தானையும் சேர்த்து அழுத்தி, பதிவிறக்க முறைக்குள் நுழைந்து, சரியான கோப்பை மறுபடி பதித்ததும் எழுந்துகொண்டது.

இப்படி எழுப்பக்கூடியதை ஆங்கிலத்தில் மென்செங்கல் என்கிற மாதிரியும், பூட்லோடரே போய் எந்தப் பொத்தானுக்கும் அசையாததை வன்செங்கல் என்கிற மாதிரியும் பிரிப்பார்கள். சூளையில் அதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது. அறுத்துக் காயவைத்தது பச்சைக்கல், தண்ணீர் விட்டுக் குழைத்தால் மறுபடி மண்தான், மறுபடி அறுக்கலாம். சூளைக்குள் போய் வந்தது சுட்டகல். என் டேப்லெட் அன்று பச்சைக்கல்லாக இருந்தது.