சாக்: பொருளும் வேரும் தமிழ்ச்சொல்லும்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவாட்டர்பேக். அவர் எறிவதற்கு முன்பே, ஆட்டம் தொடங்கிய கோட்டைத் தாண்டவிடாமல் எதிரணி அவரைத் தரையில் சாய்த்துவிட்டால் அது ‘சாக்’. பந்து கையைவிட்டுப் போன பிறகு எவ்வளவு பலமாக மோதினாலும் அது சாக் ஆகாது. இந்த வரம்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நகரைப் பிடித்துச் சூறையாடுவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். கொள்ளைப் பொருளை அள்ளிப்போடும் பையிலிருந்து வந்த பொருள் அது. லத்தீனில் ‘சாக்குஸ்’ என்றால் பை; ஐரோப்பியர் வழியாக நம்மிடம் வந்த சாக்குப்பைக்கும் அதுதான் வேர். ஆட்டக்களத்தில் இதைப் பரப்பியவர், 1960களில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியின் தடுப்பு வரிசையில் ஆடிய டீக்கன் ஜோன்ஸ். ஊரைச் சூறையாடுவதுபோல என்றுதான் அவரே விளக்கமும் சொன்னார். அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். 1982 முதல் இதை வீரர்வாரியாகக் கணக்கெடுக்கிறது.

அடித்தவர் பரப்பிய சொல் என்பதால் பெருமையும் அவருக்கே போகிறது. அடிபட்டவரைக் காக்கத் தவறியது யார் என்ற கேள்வி அமுங்கிவிடுகிறது. அது பெரும்பாலும் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி என்பேன். 2002இல் புது அணியான ஹூஸ்டன் டெக்சன்ஸ், தன் இளம் குவாட்டர்பேக் டேவிட் காரை ஒரே பருவத்தில் 76 முறை சாய்க்கவிட்டது. குவாட்டர்பேக்குக்கு முன்னால் நின்று காக்கும் முன்வரிசை பலவீனம் என்று தெரிந்தால், பந்தை ஏந்தி ஓடும் ஓட்டக்காரர் ஒருவரைக் காவலுக்கு நிறுத்தலாம், பந்தைச் சட்டென்று கைமாற்றும் ஆட்டங்களைக் கொடுக்கலாம். இதெல்லாம் பயிற்சியாளர் கையில் இருப்பவை.

அதற்குச் சான்று இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணி. அதன் குவாட்டர்பேக் ஆண்ட்ரூ லக் 2016இல் 41 முறை சாய்க்கப்பட்டார். தோள் காயத்தால் 2017 முழுக்க ஆடவில்லை. 2018இல் ஃபிராங்க் ரைக் பயிற்சியாளராக வந்தார். குவென்டன் நெல்சன் முன்வரிசைக்கு வந்தார், எறிதலும் வேகமானது. சாக் 18 ஆகக் குறைந்தது. ஆனால் உடம்பு அதற்குள் வாங்க வேண்டியதை வாங்கிவிட்டது. 2019 ஆகஸ்டில், 29 வயதில் லக் ஓய்வை அறிவித்தார். முடிந்திருக்கக்கூடிய பாதுகாப்பு அவருக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘சூறை’ வேருக்குப் பொருந்தும், களத்துக்குப் பொருந்தாது. ‘வீழ்த்தல்’ எந்த வீரரைச் சாய்த்தாலும் பொருந்திவிடும். கபடி பார்க்கிற நமக்கு ‘மடக்குதல்’ பழகிய பேச்சு. ஆகவே ‘எறிமுன் மடக்கு’ என்பது என் பரிந்துரை; வருணனையில் ‘மடக்கு’ என்றாலே போதும்.

எறிந்த பிறகு விழும் மோதலை ‘எறிபின் அடி’ என்று தனியாக எழுத வேண்டும். மடக்கு குறைந்தாலே பயிற்சியாளரைப் பாராட்டுகிறார்கள். ஆனால் விலா எலும்பு நோக எழுந்து நிற்கும் குவாட்டர்பேக்குக்கு இரண்டும் ஒரே வலிதான். அவரைக் காத்தார்களா என்று பார்ப்பவர்கள் இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.