எல்லைக் கரிம வரி: சுங்கமா, வரியா?

கப்பலூரில் போல்ட் பட்டறை வைத்திருக்கும் நண்பருக்கு ஐரோப்பாவிலிருந்து சரக்கு எடுப்பவர் ஒரு படிவம் அனுப்பியிருந்தார். விலை, எடையெல்லாம் தாண்டி ஒரு கட்டம்: ஒரு டன் போல்ட்டுக்கு எத்தனை டன் கார்பன் டை ஆக்சைடு? அவர் கம்பியை வாங்கி, வெட்டி, தலை அடித்து, மரை போடுகிறவர். கம்பியை உருக்கிய உலையின் புகைக் கணக்கு அவரிடம் ஏது? "இது என்னப்பா, புதுச் சுங்கமா?" என்றார்.

எங்கள் ஊரில் சுங்கம் என்றாலே கப்பலூர் சுங்கச்சாவடிதான். ஆனால் சொல் பழையது, அதைவிடப் பழையது 'உல்கு'. குறள் 756 அரசனுக்கு வரும் பொருள்களில் 'உல்கு பொருள்' என்று ஒன்றைச் சொல்கிறது. பரிமேலழகர் அதைச் சுங்கம் என்கிறார், கலத்திலும் காலிலும் (கப்பலிலும் தரைவழியிலும்) வரும் பண்டங்களுக்கு அரசுக்குக் கட்டுவது. பண்டம் வந்தது, கட்டு, அவ்வளவுதான். எப்படிச் செய்தாய் என்ற கேள்வி அதில் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் இப்போது கேட்பதே அந்தக் கேள்வியைத்தான். இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்கு 2023 அக்டோபரில் கணக்குக் கேட்க ஆரம்பித்தார்கள், 2026 ஜனவரியிலிருந்து வரும் சரக்குக்குப் பணமும் கட்ட வேண்டும். அங்குள்ள பெரிய ஆலைகள் 2005 முதலே கார்பன் சந்தைக்குள் இருக்கின்றன, அதாவது விடும் புகைக்கு ஈடாக அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும், அது சந்தையில் விலைக்கு விற்கப்படும். வெளியிலிருந்து அந்தச் செலவே இல்லாமல் மலிவாகச் சரக்கு வந்தால் ஆலைதான் இடம் மாறும், புகை குறையாது, அதனால் இறக்குமதி செய்பவரும் அதே விலைக்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்கிறார்கள். செய்த நாட்டிலேயே கார்பனுக்கு விலை கட்டியிருந்தால் கழித்துக்கொள்ளலாம். எனவே சுங்கம் என்று சொல்வது தப்பு. சான்றிதழ்தான் என்றாலும், வரி என்றால் நமக்குப் பிடிபடும்.

சரி, ஆங்கிலத்தில் 'கார்பன் பார்டர் டாக்ஸ்' என்கிறார்களே, அந்தக் கார்பனுக்குத் தமிழில் என்ன? லத்தீனில் 'கார்போ' என்றால் கரி. அதற்காக இரண்டும் ஒரே வேர் என்று கொண்டாட வேண்டாம், ஒலிதான் ஒன்று. 'கரி வரி' என்றே வைக்கலாம், ஆனால் எங்கள் பேச்சில் கரியும் கறியும் ஒன்றாகவே கேட்கும். பாடப்புத்தகத்துக் கரிமமே நல்லது. 'கரிம எல்லை வரி' என்று எழுதுகிறார்கள், அது கரிமத்துக்கு ஏதோ எல்லை இருப்பதுபோல் படிக்க வைக்கிறது. எல்லையில் விழும் கரிம வரி என்பதால் 'எல்லைக் கரிம வரி' என்பதே சரி.

புகையைக் குறைக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் பத்துப் பேர் வேலை பார்க்கும் பட்டறைக்கு இந்தக் கணக்கை யாராவது உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். நண்பர் இப்போது கம்பி விற்றவரிடம் போன் போட்டு, அது எந்த உலையில் உருகியது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.