மூளைக்குத் தெரியாமல் நடக்கும் கால்கள்

ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வேன் மோதியதில் அவர் வீட்டு நாய்க்குப் பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டன. "பாதத்தைக் கிள்ளினால் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறது. அப்படியென்றால் உணர்ச்சி இருக்கிறதுதானே? சக்கர வண்டி கட்டிவிட்டால் நல்லபடியாக இருக்குமா, இல்லை உயிரோடு வைத்து வதைக்கிறோமா?" என்று கேட்கிறார்.

முதல் கேள்வியை முதலில் பார்ப்போம். மூளையின் கட்டளை தண்டுவடம் வழியாகக் கீழே போகிறது, தோலின் செய்தி அதே வழியாக மேலே வருகிறது. பள்ளியில் படித்ததுதான். நடு முதுகில் தண்டுவடம் நசுங்கினால் இந்தப் போக்குவரத்து நின்றுவிடும். ஆனால் பின்னங்கால்களை அசைக்கும் நரம்பணுக்கள் அடிபட்ட இடத்துக்கும் கீழே, இடுப்புப் பக்கம் உயிரோடுதான் இருக்கின்றன. கிள்ளினால் செய்தி அதுவரை போய், அங்கிருந்தே திரும்பிக் காலை மடக்கிவிடும். நாய்க்கு அது தெரியவே தெரியாது. ஆகவே காலைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். மருத்துவர் விரல் எலும்பை இடுக்கியால் அழுத்தும்போது நாய் திரும்பிப் பார்க்கிறதா, முனகுகிறதா, கடிக்க வருகிறதா? வந்தால் வலி மூளைக்கு எட்டுகிறது, மறுபடி நடக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. வலியே தெரியவில்லை, முதுகெலும்பும் முறிந்து விலகியிருக்கிறது என்றால் வாய்ப்பு மிகக் குறைவு.

இது தெரியாததால்தான் இன்னமும் கால் விழுந்த ஆட்டுக்கும் நாய்க்கும் சூடு போடுகிறார்கள். பழுக்கக் காய்ச்சிய கம்பி பட்டதும் கால் துள்ளும். "பார், உயிர் வந்துடுச்சு" என்பார்கள். அந்தத் துள்ளல் சூட்டுக்கு முன்பும் இருந்ததுதான். சூட்டினால் புதிதாக வருவது ஆறாத புண் மட்டுமே. தயவுசெய்து யாரையும் செய்ய விடாதீர்கள். இன்னொன்று: அடியே படாமல் திடீரென்று கால் விழுந்த, தடுப்பூசி போடாத நாயின் வாய்ப்பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள். வெறிநோய் வாதமாகவும் வரும்.

சரி, வண்டிக்கு வருவோம். அதற்கு முன் 1911-ஐப் பார்க்க வேண்டும். நடை என்பது அனிச்சைச் செயல்களின் தொடர், ஒரு அசைவின் உணர்ச்சி அடுத்த அசைவைத் தூண்டுகிறது என்று அன்று பலரும் நினைத்தார்கள். தாமஸ் கிரகாம் பிரவுன் என்ற ஆய்வாளர் பூனையின் தண்டுவடத்தை மூளையிலிருந்து துண்டித்தார். காலிலிருந்து உணர்ச்சி கொண்டுவரும் நரம்புகளையும் துண்டித்தார். மேலிருந்து கட்டளை இல்லை, கீழிருந்து செய்தியும் இல்லை. அப்படியும் கால் தசைகள் மாறி மாறிச் சுருங்கின. நடையின் தாளம் தண்டுவடத்துக்குள்ளேயே இருந்தது!

அது எப்படி நடக்கிறது? காலை மடக்க ஒரு நரம்பணுக் கூட்டம், நீட்ட ஒரு கூட்டம். ஒன்று வேலை செய்யும்போது மற்றதை அடக்கி வைக்கிறது. சற்று நேரத்தில் அது களைத்துப்போக, அடங்கியிருந்தது எழுந்து முதலாவதை அடக்குகிறது. ஒரே உரலில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று உலக்கை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் குத்தும்போது மற்றவர் ஓங்குவார். பக்கத்தில் நின்று யாரும் "இப்போ நீ, இப்போ நீ" என்று சொல்ல வேண்டியதில்லை. அது போலத்தான் இதுவும். பின்னால் வந்த ஆய்வுகள் இந்த அமைப்பை மேலும் விரித்துச் சொல்லியிருக்கின்றன, ஆனாலும் அடிப்படை இந்த மாறி மாறி அடக்கும் ஏற்பாடுதான்.

உணர்ச்சி நரம்புகள் இருந்தால் தாளம் இன்னும் ஒழுங்காகும். கால் பின்னோக்கிப் போய் இடுப்பு மூட்டு நன்றாக விரிந்து, பாதத்தின் மேலிருந்த பாரமும் குறைந்ததும், "இப்போது தூக்கு" என்ற குறிப்பு தண்டுவடத்துக்குக் கிடைக்கிறது. பாதம் பாரம் தாங்கும்வரை அது காலை ஊன்றியே வைத்திருக்கும். இதெல்லாம் மூளைக்குத் தெரியாமலே நடப்பது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆச்சரியம் தீராத இடம் இதுதான்.

வண்டியின் பயனும் இங்கேதான் இருக்கிறது. இரண்டு காலையும் வாரில் தூக்கிக் கட்டிவிட்டால் நாய் ஊர் சுற்றும், ஆனால் தண்டுவடத்துக்கு இடுப்பு விரியும் செய்தியும் போகாது, பாரத்தின் செய்தியும் போகாது. பாதம் தரையைத் தொடுகிற உயரத்தில் வண்டியை வைத்தால் ஒவ்வொரு அடியும் அதற்குப் பாடம். 2017-ல் இத்தாலிய மருத்துவர்கள் வலியுணர்வு திரும்பாத 81 நாய்களுக்குத் தீவிர இயன்முறைப் பயிற்சி கொடுத்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். 48 நாய்கள் தண்டுவட நடையை, அதாவது மூளையின் கட்டளை இல்லாமல் தண்டுவடமே நடத்தும் நடையைப் பெற்றன. எடை குறைந்த இளம் நாய்களுக்கு வாய்ப்பு அதிகம், பயிற்சியைச் சீக்கிரம் தொடங்குவதும் உதவும். ஆனால் அது தடுமாறும் நடை. சமநிலை பார்ப்பது மூளை, அதன் உதவி இல்லாததால் திரும்பும்போது நாய் சாயும்.

2012-ல் கேம்பிரிட்ஜில், மூக்கின் உட்சவ்விலிருந்து எடுத்த செல்களைச் செலுத்தியதில் முடங்கிய வளர்ப்பு நாய்களின் முன்னங்கால் பின்னங்கால் ஒத்திசைவு மேம்பட்டது. அவை ஆய்வுக்கென்று அடிபட வைத்த நாய்கள் அல்ல, வீடுகளில் அடிபட்டவை. நாயின் முதுகில் கற்பது மனிதனின் முதுகுக்கும் பயன்படும். நம் கால்நடைப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்று ஒரு சிறு தொகை ஒதுக்கினால்கூட எவ்வளவோ செய்யலாம். மனிதருக்காக, உடல் அளவுக்கேற்ப அமைக்கும் சக்கர நாற்காலியை சென்னை ஐஐடி உருவாக்கியிருக்கிறது. நாய்க்கு, அதுவும் மணலில் ஓடும் வண்டி வடிவமைக்க நமக்கு ஆள் இல்லாமலா போகும்?

அதுவரை பிவிசி குழாயும் பழைய சைக்கிள் டியூபும் போதும். நாயின் எடையில் சுமார் 60 சதவீதம் இயல்பாகவே முன்னங்காலில்தான் நிற்கிறது, அதனால்தான் இந்த வண்டி சாத்தியம். அச்சு இடுப்பு மூட்டுக்கு நேர் கீழே வரட்டும். கொஞ்சம் முன்னே தள்ளினால் தோள் பாரம் குறையும், அதிகம் தள்ளினால் முன்பக்கம் தூக்கும். கரையின் புழுதி மணலில் ஒல்லிச் சக்கரம் புதையும், அகலமானது வேண்டும். காற்றடித்த சக்கரம் வேண்டாம், நம் ஊர்க் கருவேல முள் ஒரே நாளில் பஞ்சராக்கிவிடும். உப்புக்காற்றில் பேரிங் துருப்பிடிக்கும், வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து எண்ணெய் விடுங்கள். வண்டியில் நாயால் படுக்க முடியாது. தொடக்கத்தில் கால் மணி நேரம் போதும், தனியே விட்டுப் போகாதீர்கள். முறிந்த எலும்பு கூடும்வரை வண்டியே கூடாது.

புண் எதுவும் இல்லை, மருத்துவரும் சரி என்கிறார் என்றால் பெண் கடல் பக்கம், அதாவது தீவின் வடக்கே அலை குறைந்த பாக் நீரிணைப் பக்கம் கூட்டிப்போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அதுவும் கொந்தளிக்கும், மற்ற மாதங்களில் பெரும்பாலும் அமைதி. நாயின் இடுப்பு மூட்டளவு தண்ணீரில் அதன் கால்கள் உடல் எடையில் 38 சதவீதம்தான் தாங்குகின்றன. கையை வயிற்றுக்கடியில் கொடுத்துப் பிடித்துக்கொண்டு நடக்க விடுங்கள். அப்புறம் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, தொடை இடுக்குவரை துவட்டுங்கள்.

இனி இரண்டாவது கேள்வி. வதையா? முடங்கிய நாயை வதைப்பது பெரும்பாலும் காலைவிட மூத்திரப்பைதான். தானாக முழுதும் காலியாகாது. தேங்கினால் கிருமி தொற்றும், சிறுநீரகம் வரை போகும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை அடிவயிற்றை இரண்டு பக்கமும் மெல்ல அழுத்தி வெளியேற்ற வேண்டும். மருத்துவரிடம் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்தது படுக்கைப்புண். இடுப்பெலும்பு, முட்டி, கணுக்கால் மூன்றையும் தினமும் தடவிப் பாருங்கள், படுக்கையைத் தடிமனாகப் போட்டுப் பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். வெயில் மணலில் கால் இழுபட விடாதீர்கள், தோல் வெந்தாலும் அதற்குத் தெரியாது.

இதைச் செய்ய வீட்டில் ஆள் இருந்து, நாய் சாப்பிட்டு, வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் தலை தூக்கினால், அது வாழ விரும்புகிற நாய். ஆள் இல்லை, புண் ஆறவில்லை, வலி அடங்கவில்லை என்றால் மருத்துவர் கையில் அமைதியாகப் போகவிடுவது பாவமில்லை, அதற்காக யாரும் உங்களைக் குறை சொல்ல வேண்டியதும் இல்லை. முதலில் முதுகுக்கு எக்ஸ்ரே எடுத்து, அந்த இடுக்கிச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். நாயின் முகத்துக்கு நேராக நீங்கள் நின்றுகொள்ளுங்கள்.