சேறு காத்த கடிதங்கள்

1973 மார்ச் மாதம். வட இங்கிலாந்தில் விண்டோலாண்டா என்ற பழைய ரோமானியக் கோட்டை இருந்த இடத்தில் ராபின் பிர்லி என்ற தொல்லியலாளர் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார். ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு மெல்லிய மரச்சீவல்கள் கையில் தட்டுப்பட்டன. தச்சர் இழைத்துப் போட்டதைப் போலத்தான் இருந்தன. பிரித்துப் பார்த்தால் உள்ளே மையெழுத்து! காற்றுப் பட்ட சிறிது நேரத்தில் அந்த எழுத்து மங்கி, மரத்தோடு மரமாக மறைந்துபோனது.

அது ஏன் மறைந்தது, அப்புறம் எப்படித் திரும்பி வந்தது என்பதற்கு முன்னால், அந்தச் சீவல் எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று பார்த்துவிடலாம்.

கி.பி. 43இல் கிளாடியஸ் பேரரசர் காலத்தில் ரோமானியப் படை பிரிட்டனுக்குள் நுழைந்தது. நாற்பது ஆண்டுகளில் அக்ரிகோலா என்ற ஆளுநர் ஸ்காட்லாந்தின் வடக்குவரை போய் ஒரு பெரிய போரில் ஜெயித்தும் விட்டார். ஆனால் டான்யூப் நதிப் பக்கம் சண்டை மூண்டதால் பிரிட்டனிலிருந்து ஒரு லீஜியனை, அதாவது சுமார் ஐயாயிரம் பேர் கொண்ட பெரும்படையை, எடுக்க வேண்டியதாயிற்று. பிடித்த நிலம் கைநழுவியது. 122இல் ஹேட்ரியன் பேரரசர் நேரில் வந்து, 117 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவர் எழுப்ப உத்தரவிட்டார். இடைப்பட்ட சுமார் 40 ஆண்டுகளில் இந்த எல்லையில் என்ன நடந்தது என்று சொல்ல வரலாற்றாசிரியர் யாரும் இல்லை. ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் தன் மாமனார் அக்ரிகோலாவின் புகழைப் பாடிவிட்டு நிறுத்திக்கொண்டார். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை, மாமனார்தான் ஊர் திரும்பிவிட்டாரே. விண்டோலாண்டாவில் கிடைத்த இத்தகைய மர ஏடுகளில் பெரும்பாலானவை சரியாக இந்த இடைவெளியில் விழுகின்றன.

சரி, மரம் எப்படி 1,900 ஆண்டுகள் மண்ணில் கிடந்தும் மக்கவில்லை?

மரத்தைத் தின்பவை பெரும்பாலும் பூஞ்சைகள். அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். விண்டோலாண்டாவில் முதலில் கட்டியவை மரக்கோட்டைகள். பத்து ஆண்டுகள்கூடத் தாங்குவது கடினம். ஒவ்வொரு முறையும் பழையதை இடித்து, மேலே களிமண்ணும் புல்கரணையும் போட்டு மெத்தி, அதன்மேல் புதிதாகக் கட்டினார்கள். அடியில் வைக்கோலும் காட்டுச்செடியும் பரப்பிய தரை, எலும்பு, பிய்ந்த செருப்பு, எழுதிப் போட்ட ஏடு எல்லாம் அப்படியே மூடப்பட்டன. அங்கே மழைக்குக் குறைவில்லை. மண் எப்போதும் ஊறியே கிடந்தது. உள்ளே சிக்கியிருந்த கொஞ்சநஞ்ச ஆக்சிஜனையும் முதலில் வந்த நுண்ணுயிரிகளே தீர்த்துவிட்டன. அடுத்து வருவதற்கு வாழ வழியில்லை. ஊறுகாய் ஜாடியில் எண்ணெய் மேலே நிற்கும்வரை பூஞ்சை பிடிக்காது அல்லவா, கிட்டத்தட்ட அதே கதைதான்.

எகிப்தில் பாப்பிரஸ் ஏடுகள் பிழைத்தது முழு வறட்சியால். இங்கே முழு ஈரத்தால். நனைவதும் காய்வதும் மாறி மாறி வந்தால்தான் போச்சு. கோடை வெப்பம் கூடி மண் காயத் தொடங்கியிருப்பதால் இப்போது அந்தக் கவலை வந்திருக்கிறது. அருகிலுள்ள மேக்னா கோட்டையில் 2023இல் தொடங்கிய அகழாய்வு, மண்ணின் ஈரத்தையும் கூடவே கண்காணிக்கிறது.

இனி அந்த மறைந்த எழுத்து. மை என்பது கரியும் பிசினும் தண்ணீரும் கலந்தது. வெளியே எடுத்ததும் மரம் காற்றில் கறுத்துவிடுகிறது. கறுப்பின்மேல் கறுப்பு நம் கண்ணுக்குத் தெரியாது. அகச்சிவப்புக் கதிருக்கோ இரண்டும் ஒன்றல்ல. கரி அதை விழுங்கிக்கொள்கிறது, கறுத்த மரம் திருப்பி அனுப்புகிறது. அகச்சிவப்புப் படச்சுருளில் படமெடுத்தபோது எழுத்துகள் பளிச்சென்று வந்தன. ஏட்டைக் காயவைப்பது இன்னொரு தலைவலி. மரத்தின் நுண்ணறைகளில் நீர் நிரம்பியிருக்கிறது. வெயிலில் வைத்தால் நீர் வெளியேறும்போது அறைச்சுவர்களை உள்ளிழுத்து நொறுக்கிவிடும். அதனால் நீரை எடுத்து ஆல்கஹாலையும், அடுத்து ஈதரையும் ஏற்றி, மெல்ல ஆவியாக விடுகிறார்கள். இவற்றின் பரப்பு இழுவிசை குறைவு என்பதால் அறைச்சுவர்களை அவ்வளவாக இழுப்பதில்லை.

ஏடுகள் அஞ்சலட்டை அளவுதான். தடிமன் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். ஆலன் பௌமன், டேவிட் தாமஸ் என்ற இரு அறிஞர்கள் அந்தக் கிறுக்கல் லத்தீனை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளி விடும் பழக்கமெல்லாம் எழுதியவர்களுக்கு இல்லை.

படித்ததில் வீரதீரம் எதுவும் கிடைக்கவில்லை. எனக்குப் பிடித்தது ஒரு படைக்கணக்கு. மே 18 அன்று துங்ரியர் முதல் படைப்பிரிவில் மொத்தம் 752 பேர். அதில் 456 பேர் கோட்டையிலேயே இல்லை. 337 பேர் பக்கத்து ஊரான கோரியாவில், 46 பேர் ஆளுநரின் காவலில், மிச்சப்பேர் இன்னும் எங்கெங்கோ. இருந்த 296 பேரில் 15 பேருக்கு உடம்பு சரியில்லை, 6 பேருக்குக் காயம், 10 பேருக்குக் கண்ணில் அழற்சி. கடைசியில் சண்டைக்கு நிற்கக்கூடியவர்கள் 265 பேர். பேரரசின் எல்லையைக் காப்பதாக ரோமில் நினைத்துக்கொண்டிருந்த படையின் நிலைமை இது.

ரோமானியப் படை என்கிறோமே தவிர, இங்கிருந்த துங்ரியரும் படாவியரும் இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்துப் பக்கத்து ஆட்கள். படாவியர் 69இல் ரோமுக்கு எதிராகவே கலகம் செய்தவர்கள். அவர்கள் இங்கே வந்து, உள்ளூர்க்காரரைக் கேலியாக 'பிரிட்டுங்குலி', அதாவது 'பிரிட்டன்காரப் பொடியன்கள்' என்று எழுதும் ஏடும் கிடைத்திருக்கிறது!

இன்னொன்றில் யாருக்கோ காலுறையும் செருப்பும் உள்ளாடையும் அனுப்பிய விவரம். கோட்டைத் தலைவர் செரியாலிஸின் மனைவி லெபிடினாவுக்கு, வேறொரு தளபதியின் மனைவி கிளாடியா செவேரா செப்டம்பர் 11 பிறந்தநாளுக்கு அழைப்பு அனுப்பியிருக்கிறார். எழுத்தர் எழுதிய கடிதத்தின் அடியில் தன் கையாலேயே சில வரிகள் சேர்த்திருக்கிறார். ஒரு பெண் கைப்பட எழுதிய லத்தீனில் நமக்குக் கிடைத்த மிகப் பழையவற்றில் அது ஒன்று.

அப்புறம் மிளகு. ஒரு கணக்கேட்டில் காம்பாக்ஸ் என்ற ஆள் இரண்டு தினாரியஸுக்கு (ரோமானிய வெள்ளிக்காசு) மிளகு வாங்கியிருக்கிறான். அந்நாளில் ரோமுக்குப் போன மிளகின் பெரிய துறைமுகம் சேரநாட்டு முசிறி. யவனர் கலங்கள் "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்று அகநானூறு சொல்வது அந்த முசிறியைத்தான். கறி என்றால் மிளகு. அங்கிருந்து செங்கடல், எகிப்து, மத்தியதரைக் கடல் எல்லாம் தாண்டி, குளிரில் நடுங்கும் ஒரு சிப்பாயின் சட்டிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

மாஸ்க்ளஸ் என்ற குதிரைப்படை அதிகாரி செரியாலிஸுக்கு எழுதிய கடிதமும் பிரசித்தம். நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று பணிவாகக் கேட்டுவிட்டு, முடிக்கும்போது, தோழர்களுக்கு பீர் தீர்ந்துவிட்டது, அனுப்பச் சொல்லுங்கள் என்கிறார். 2017இல் அதே இடத்தில் 25 ஏடுகள் ஒன்றாகக் கிடைத்தன. அவற்றில் ஒன்று மறுபடியும் மாஸ்க்ளஸ் எழுதியது. இந்த முறை விடுப்பு கேட்கிறார்.