பிளாஸ்கில் கே.பி. என்று எழுதியிருந்தது, உள்ளே இருந்தது ஹீலா

பெயர் ஒன்று, உள்ளே வேறு செல்: இந்த வருடத்தில் இது மூன்றாவது முறை. தென்காசியிலிருந்து ஓர் ஆய்வு மாணவி பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்கு வந்தாள், மடியில் ஒரு தெர்மோகோல் பெட்டியோடு. உள்ளே, பாராஃபிலிம் என்ற மூடு படலம் சுற்றிய, செல் வளர்க்கும் சின்ன பிளாஸ்க். அதன் மேல் நீல மார்க்கரில் 'கே.பி.' என்று மட்டும் எழுதியிருந்தது. தேதி இல்லை, எத்தனை முறை புது பிளாஸ்குக்கு மாற்றி வளர்த்தது என்று சொல்லும் பாசேஜ் எண் இல்லை. பொதிகை அடிவாரத்தில் பறித்த ஒரு மூலிகையின் சாறு வாய்ப்புற்று செல்களைக் கொல்கிறதா என்று இரண்டு வருடம் பாடுபட்டிருக்கிறாள். கட்டுரையை அனுப்பியதும் இதழிலிருந்து ஒரே கேள்வி வந்தது: எஸ்.டி.ஆர். பரிசோதனை செய்தீர்களா? செல் யாருடையது என்று டி.என்.ஏ.வை வைத்துச் சொல்லும் பரிசோதனை அது.

அனுப்பிப் பார்த்தோம். ஹீலா என்று வந்தது. எனக்கு அது முன்பே தெரியும். கே.பி. என்பது 1950-களில் ஓர் ஆணின் வாய்ப்புற்றிலிருந்து எடுத்ததாகப் பதிவான செல் லைன், அதாவது ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக்கி வளர்க்கும் செல் வகை. ஹீலாவோ 1951-இல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து, அவரைக் கேட்காமலே எடுக்கப்பட்டது. கே.பி. பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஹீலா கலந்து ஹீலாவாகிவிட்டது, அசல் கே.பி. எங்கும் மீதமிருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே பிளாஸ்கைக் கொடுத்த ஆய்வகம் எதையும் கலக்கவில்லை. விவரம் சொல்லாமல் கொடுத்ததுதான் தப்பு.

"மைக்ராஸ்கோப்பில பார்த்தேன் மேடம், எபிதீலியல் செல் மாதிரித்தானே இருந்துச்சு" என்றாள் அந்தப் பிள்ளை. எனக்கு ஆற்றாமை வருவதே இந்தப் பேச்சைக் கேட்டால்தான். பார்த்துத் தெரியாது அம்மா! எபிதீலியல் என்ற மேலுறைச் செல் வாயிலிருந்து வந்தாலும் கருப்பைவாயிலிருந்து வந்தாலும், பிளாஸ்கின் அடியில் ஒட்டி வளரும்போது கிட்டத்தட்ட ஒரே தோற்றம்தான். நெருக்கமாக வளர்ந்தால் ஒரு வடிவம், செல்லுக்கு ஊட்டமாகச் சேர்க்கும் சீரம் மாறினால் இன்னொரு வடிவம். இருபது வருடம் பார்த்த என் கண்ணையே நான் நம்புவதில்லை. அம்பாசமுத்திரத்தில் விதைநெல் வாங்கும் விவசாயி, மூட்டையில் அம்பை 16 என்று எழுதியிருக்கிறதே என்று விட்டுவிடுவதில்லை. சான்று அட்டையைத் திருப்பிப் பார்க்கிறார். ஒரு போகத்துக்கே அந்தக் கவனம் என்றால், இரண்டு வருட உழைப்புக்கு?

"ஒரு துளிதானே பட்டது" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும் செல் ஒன்று, இரண்டு நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும் செல்களுக்குள் விழுகிறது. இருபது நாளில் மெதுவான செல் ஒவ்வொன்றும் 1,024 ஆகியிருக்கும். விழுந்த அந்த ஒன்று பத்து லட்சத்தைத் தாண்டியிருக்கும். இடையிடையே, ஒட்டிய செல்களைப் பிரிக்கும் டிரிப்சின் போட்டுக் கொஞ்சத்தை மட்டும் புது பிளாஸ்குக்கு மாற்றி வளர்ப்பீர்கள். மூன்று மாதத்தில் பழைய செல்லைத் தேடினாலும் கிடைக்காது. 1966-லேயே மரபியலாளர் ஸ்டான்லி கார்ட்லர் வெவ்வேறு பெயருள்ள பல செல் லைன்களில் ஒரே வகை நொதியைக் கண்டு, அவற்றில் ஹீலா கலந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

எனவே, ஒரு செல் லைன் கைக்கு வந்தால் முதலில் செல்லோசாரஸ் என்ற செல் லைன் தகவல் தளத்தில் அதன் பெயரைப் போட்டுப் பாருங்கள். பிழையாக அடையாளம் காணப்பட்ட 500-க்கும் மேற்பட்ட லைன்களின் பட்டியல் இலவசமாகவே கிடைக்கிறது. நண்பர் தந்த பிளாஸ்கை வைத்து வேலையைத் தொடங்காதீர்கள், பூனேயிலுள்ள தேசிய செல் அறிவியல் மையம் (என்.சி.சி.எஸ்.) போன்ற செல் வங்கியில் வாங்குங்கள். வாங்கிய பிறகும் எஸ்.டி.ஆர். செய்யுங்கள். செல்லைக் கையாளும் சுத்தமான ஹூட்டில் ஒரு நேரத்தில் ஒரு லைன் மட்டும், ஒவ்வொன்றுக்கும் தனி மீடியா (செல் வளரும் சத்துநீர்) பாட்டில். பெனிசிலின் போட்டிருக்கிறோம் என்று மைக்கோபிளாஸ்மா என்ற நுண்கிருமியை மறந்துவிட வேண்டாம். அதற்குச் செல்சுவரே கிடையாது, செல்சுவரைத் தாக்கும் அந்த மருந்து எதைத் தாக்கும்? மீடியாவும் கலங்காது. கிருமியின் டி.என்.ஏ.வைத் தேடும் பி.சி.ஆர். போன்ற சோதனை செய்தால்தான் தெரியும்.

நோயாளியின் கட்டியிலிருந்து புதிதாக லைன் உருவாக்குகிறவர்களிடம் ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். நெறிமுறைக் குழு அனுமதி, நோயாளியின் சம்மதம் எல்லாம் சரி. அப்புறம், அதே நோயாளியின் கொஞ்சம் ரத்தத்தையோ கட்டியின் ஒரு துண்டையோ உறையவைத்துவிடுங்கள். ஒப்பிட அதுவும் இல்லை என்றால், இரண்டு வருடம் கழித்து பிளாஸ்கில் இருப்பது அவருடைய செல்தான் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

அந்தப் பிள்ளை தன் பழைய முடிவுகளை ஹீலா முடிவுகள் என்றே திருத்தி எழுதுகிறாள். நாக்குப் புற்றிலிருந்து வந்த எஸ்.சி.சி. 25 லைனைப் புதிதாக வாங்கி எஸ்.டி.ஆர். பார்த்தாயிற்று. போன வாரம் அந்தச் செல்களைப் பன்னிரண்டு குப்பிகளில் உறையவைத்துத் திரவ நைட்ரஜனில் இறக்கினாள். ஒவ்வொன்றிலும் பெயர், பாசேஜ் எண், தேதி.