பாதுகாப்பான ஓட்டை

"பாதுகாப்பான ஓட்டை மீட்டெடுக்கவும்." சென்ற வாரம் ஒரு தமிழ்க் கையேட்டில் கண்ட தலைப்பு இது. ஓட்டையை எதற்கு மீட்பது என்று விழித்தேன். தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் 'செக்யூர் ஷெல்', அதாவது எஸ்எஸ்எச், அங்கே 'பாதுகாப்பான ஓடு' ஆகியிருக்கிறது. இரண்டாம் வேற்றுமை ஏறியதும் ஓடு ஓட்டையாகிவிட்டது. தேர்தல் நேரமாக இருந்தால் வாக்கு என்றே நினைத்திருப்பேன்.

'ஷெல்' என்ற பெயரை 1960களில் மல்டிக்ஸ் இயங்குதளப் பணியின்போது வைத்தவர் பிரெஞ்சுக்காரரான லூயி பூசான். நாம் தட்டும் கட்டளையை வாங்கி நிறைவேற்றித்தரும் நிரல் அது. 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதும் தாத்து யுலோனென் எஸ்எஸ்எச்சை எழுதினார். மறையாக்கம் இல்லாத பழைய 'ரிமோட் ஷெல்', அதாவது ஆர்எஸ்எச்சின் இடத்தைப் பிடிக்க வந்ததால் ஷெல் பெயரில் ஒட்டிக்கொண்டது.

இயங்குதளத்தின் உள்மையமான 'கெர்னல்' கரு, அதைச் சூழ்ந்த ஷெல் ஓடு, முட்டையில் இருப்பதுபோலத்தானே என்பார்கள் 'ஓடு' கட்சிக்காரர்கள். முட்டை ஓட்டை உடைத்தால்தான் கரு கிடைக்கும். ஷெல்லையோ யாரும் உடைப்பதில்லை, அதனோடுதான் பேசுகிறோம். அதைவிடப் பெரிய பிழை, எஸ்எஸ்எச் ஷெல்லே அல்ல. தொலைவிலுள்ள சேவையகத்துக்கு மறையாக்கிய தடம் போட்டுத்தருவதே அதன் வேலை. தடத்தின் மறுமுனையில் உட்கார்ந்திருப்பதுதான் ஷெல். ஆங்கிலப் பெயரே சற்றுப் பிசகு. அந்தப் பிசகையும் சேர்த்தா மொழிபெயர்ப்பது? நம்மவர்கள் அகராதியைத் திறக்கிறார்களே தவிர, ஒருமுறையாவது சேவையகத்தைத் திறந்து பார்ப்பதில்லை.

எஸ்எஸ்எச்சுக்குக் 'காப்புத் தொலைநுழைவு', ஷெல்லுக்குக் 'கட்டளைமுகம்' என்பேன். 'இன்டர்ஃபேஸ்' என்பதற்கு இடைமுகம் நிலைத்துவிட்டது; இது அதன் தம்பி. பிடிக்கவில்லையா, ஷெல் என்றே எழுதுங்கள். ஓடு மட்டும் வேண்டாம்.

அந்தக் கையேட்டை நான் புரட்டியதற்கும் காரணம் உண்டு. அலுவலகச் சேவையகத்தில் நண்பர் ஒருவர் தம் இல்லக் கோப்புறை முழுவதற்கும் 777, அதாவது எவரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்ற அனுமதி, கொடுத்துவிட்டார். எவரும் எழுதக்கூடிய கோப்புறையில் கிடக்கும் சாவியை, அதாவது கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஆளை அடையாளம் காட்டும் கோப்பை, எஸ்எஸ்எச் நம்பாது, கதவைச் சாத்திவிட்டது. கையேடோ "உரிமையைச் சரிசெய்க" என்கிறது. கோப்பு யாருடையது என்பதும் அதில் உரிமை. யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பதும் உரிமை. முன்னது உடைமை, பின்னது அனுமதி என்று பிரித்திருக்கலாம். உரிமை என்றதை உடைமை என்று எடுத்துக்கொண்ட நண்பர், கோப்புகளையெல்லாம் ரூட் எனப்படும் தலைமை நிர்வாகியின் பெயருக்கு மாற்றிவைத்தார். நான் கன்சோல் வழியே, அதாவது எஸ்எஸ்எச் இல்லாமல் சேவையகத்தின் நேரடித் திரை வழியே நுழைந்து, உடைமையை அவர் பெயருக்கே திருப்பி, இல்லக் கோப்புறைக்கு 755, சாவிக் கோப்புறைக்கு 700, சாவிக் கோப்புக்கு 600 என்று, அவரைத் தவிர வேறு எவரும் எழுத முடியாதபடி அனுமதி கொடுத்த பிறகுதான் கதவு திறந்தது.