ராப் வீடியோவில் ஃபிளாஷ் போடும் தம்பி தங்கைகளுக்கு

மாசி மகம் முடிந்த மறுநாள் இரவு. தேவனாம்பட்டினத்தில் வலை பின்னும் கூடத்தின் பக்கவாட்டுச் சுவரில் ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, வாடகைக்கு எடுத்த புரொஜெக்டரில் ஒரு ராப் பாட்டைப் போட்டோம். பாடியவர்கள் அந்தத் தெருப் பையன்கள். எடிட் செய்தவன் நான். பெரியவர்கள் பின்னால் நிற்க, சின்னப் பிள்ளைகள் முன்னால் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். தெருவிளக்கை வேறு அணைத்துவிட்டோம், படம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று.

பாட்டின் இரண்டாவது நிமிடத்தில் 4 விநாடி நேரம் திரை விட்டு விட்டு வெள்ளையாக மின்னும், நாம் ஃபிளாஷ் என்று சொல்வது. நான் மிகவும் ஆசைப்பட்டுச் செய்த இடம் அது. அந்த இடம் வந்தபோது முன்வரிசையில் இருந்த 13 வயதுப் பையன் ஒருவனின் தலை மெதுவாக ஒரு பக்கம் திரும்பியது. கூப்பிட்டார்கள், பதில் இல்லை. அப்படியே சரிந்தான். கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தன. பாடியவர்களில் ஒருவனுடைய அக்கா மகன் அவன்.

யாரோ ஓடிவந்து சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தார்கள். இன்னொருவர் பல்லுக்கு நடுவில் கரண்டி வைக்கப் பார்த்தார். அந்தத் தெருவில் நர்ஸ் வேலை பார்க்கும் அக்கா ஒருவர்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "இரும்பெல்லாம் தூரப் போடுங்க. வாயில எதுவும் வைக்காதீங்க. பிடிக்காதீங்க, விடுங்க." தன் துப்பட்டாவை மடித்து அவன் தலைக்குக் கீழே வைத்தார். சட்டைக் காலரைத் தளர்த்தினார். போனில் மணி பார்த்துக்கொண்டே இருந்தார். இழுப்பு நின்றதும் பையனை ஒருக்களித்துப் படுக்க வைத்தார், எச்சில் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் இருக்க. மொத்தம் இரண்டு நிமிடம்கூட இருக்காது. எனக்கு ஒரு ராத்திரி போல இருந்தது.

பிற்பாடு மருத்துவமனையில் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இஇஜி எடுத்து, வெளிச்சம் விட்டு விட்டு மின்னினால் இந்தப் பையனுக்கு வலிப்பு தூண்டப்படும் என்று சொன்னார்கள். அவன் அம்மா அப்போது ஒன்று சொன்னார். சில மாதமாகவே காலையில் எழுந்ததும் கை திடீரென்று உதறி, காபி டம்ளரைக் கீழே போடுவானாம். தூக்கக் கலக்கம் என்று திட்டியிருக்கிறார். அந்த உதறலும் இதே நோயின் அடையாளம்தான் என்று டாக்டர் சொன்னபோது அவர் அழுததை நான் பார்த்தேன். திருவிழாவுக்காக இரண்டு ராத்திரி சரியாகத் தூங்காததும், இருட்டில் திரைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்ததும் சேர்ந்துகொண்டதாம்.

நான் சினிமா படித்தவன். கடலூரிலும் புதுச்சேரியிலும் சுயாதீனப் பாட்டு வீடியோக்களை எடிட் செய்வதுதான் தொழில். வீடியோவின் ஒவ்வொரு தனிப் படத்தையும், அதாவது ஃபிரேம் ஃபிரேமாக, எண்ணப் பழகியவன். ஆனால் ஒரு விநாடிக்கு எத்தனை ஃபிளாஷ் ஆபத்து என்று அதுவரை எனக்குத் தெரியாது. வகுப்பிலும் யாரும் சொன்னதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த 4 விநாடி எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 125 பீட். ஒவ்வொரு பீட்டுக்கும் ஹை-ஹாட், டிரம்ஸில் இருக்கும் அந்த ஜோடித் தட்டு, நான்கு முறை தட்டுகிறது. கணக்குப் போட்டால் விநாடிக்கு எட்டுக்குக் கொஞ்சம் மேல். நாம் எடிட் செய்யும் டைம்லைன் விநாடிக்கு 25 ஃபிரேம். ஆக, சரியாக மூன்று ஃபிரேமுக்கு ஒரு தட்டு. ஒரு வெள்ளை ஃபிரேம், இரண்டு ராத்திரிக் காட்சி, மறுபடி ஒரு வெள்ளை. ஒரு ஃபிரேம்கூட நகராமல் பொருந்தி உட்கார்ந்தது. எடிட் தெரிந்தவர்களுக்கு அந்தச் சந்தோஷம் புரியும். 4 விநாடியில் 33 ஃபிளாஷ்.

வலிப்பைத் தூண்டக்கூடிய ஃபிளாஷ், பொதுவாக விநாடிக்கு 3 முதல் 30 வரை. அதிலும் 15, 20 பக்கம் வரும்போது மிக மோசம். நான் போட்டது எட்டு. நம் ஆட்கள் சாதாரணமாகப் போடும் ஸ்ட்ரோப் எஃபெக்ட், அதாவது ஒரு ஃபிரேம் வெள்ளை ஒரு ஃபிரேம் கறுப்பு என்று மாறி மாறி வருவது, விநாடிக்கு 12.5. ஆபத்தான இடத்தின் நடுவிலேயே போய் நிற்கிறது.

ஹிப்ஹாப்புக்கும் இந்த ஃபிளாஷுக்கும் ஏன் இவ்வளவு ஒட்டுதல் என்று நிறைய யோசித்திருக்கிறேன். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், டிஜே கூல் ஹெர்க் தன் தங்கை நடத்திய பார்ட்டிக்கு இசைத்தட்டு போட்டார். ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாக அதைத்தான் சொல்வார்கள். அவர் கையாண்ட வித்தை என்ன? பாட்டில் குரல் எல்லாம் ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் வரும் சின்ன இடத்தை, ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டி நீட்டியது. ஒரு துண்டை எடுத்து மறுபடி, மறுபடி, மறுபடி. எடிட் மேசையில் நாம் ஃபிரேம்களை வைத்துச் செய்வதும் அதேதான். அதனால் ஹிப்ஹாப் வீடியோ எடிட் செய்பவனுக்குக் கை தானாகவே அங்கே போகும். டிரம்ஸ் எங்கே தட்டுகிறதோ அங்கே திரையும் தட்ட வேண்டும் என்று தோன்றும். அந்த ஆசையில் தப்பே இல்லை. தட்டுவதற்கு வெளிச்சத்தை மட்டுமே கருவியாக எடுத்துக்கொள்வதுதான் சிக்கல்.

ஆரம்ப கால ராப் வீடியோக்களைப் பார்த்தால் அவற்றின் பலம் வேறு இடத்தில் இருக்கும். கீழிருந்து மேலே பார்க்கும் கேமரா, சொந்தத் தெரு, பின்னால் தோள் தோளாக நிற்கும் நண்பர்கள். தொண்ணூறுகளில் ஹைப் வில்லியம்ஸ் என்ற இயக்குநர் வந்து காட்சியை உருண்டையாக வளைத்துக் காட்டும் ஃபிஷ்ஐ லென்ஸை முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோனார். கை லென்ஸை நோக்கி நீளும்போது திரையே பிதுங்குவது போல இருக்கும். இன்றைக்கும் நம் பையன்கள் கேமரா முன்னால் கையை நீட்டி நீட்டிப் பாடுவது அங்கிருந்து வந்த பழக்கம்தான். அதே ஹைப் வில்லியம்ஸ் 2011-ல் ராப் பாடகர் கான்யே வெஸ்டின் 'ஆல் ஆஃப் தி லைட்ஸ்' வீடியோவை எடுத்தார். திரை முழுக்க எழுத்துகள் பளிச் பளிச்சென்று மின்னும். வலிப்பு நோயாளிகளுக்கான பிரிட்டன் அமைப்பு ஒன்று அதை ஆபத்தானது என்று சொல்ல, வீடியோவின் தொடக்கத்தில் எச்சரிக்கை சேர்த்தார்கள். உலகமே பார்த்துப் படிக்கும் கைகளுக்கும் இது நடந்திருக்கிறது.

இதைவிடப் பெரிய சம்பவம் ஜப்பானில் நடந்தது. 1997 டிசம்பர் 16 மாலை போக்கிமான் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் மாறி மாறிச் சில விநாடிகள் மின்னின, விநாடிக்குச் சுமார் 12 என்ற வேகத்தில். சுமார் 685 பேர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அவர்களில் பலருக்கு அதற்கு முன் வலிப்பு வந்ததே கிடையாது.

"எத்தனை பேருக்கு இது இருக்கப்போகிறது?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. வலிப்பு உள்ளவர்களில் 100-க்கு 3 பேர் அளவுக்கு இப்படி வெளிச்சத்தால் தூண்டப்படுபவர்கள். இந்தியாவில் வலிப்பு நோயுடன் வாழ்பவர்கள் ஒரு கோடியைத் தாண்டும். நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அதிலும் இது சிறுவர்களிடமும் பதின்பருவத்தினரிடமும்தான் அதிகம். அதாவது, நம் பாட்டை முதல் ஆளாகப் பார்க்கிற அதே வயது.

சரி, எவ்வளவு போடலாம்? பிரிட்டன் தொலைக்காட்சி விதிகளும், இணையத்துக்கான உலகளாவிய அணுகல் வழிகாட்டியும் ஒரே எண்ணைத்தான் சொல்கின்றன: எந்த ஒரு விநாடியிலும் 3 ஃபிளாஷுக்கு மேல் கூடாது. இருட்டிலிருந்து வெளிச்சம், மறுபடி இருட்டு, இது சேர்ந்து ஒரு ஃபிளாஷ். வெள்ளைதான் என்றில்லை, திரையின் உச்ச வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு ஏறி இறங்கினாலே கணக்கில் வரும். திரையில் கால்வாசிக்கு மேல் அடைத்தால் ஆபத்து கூடும். அடர்ந்த சிவப்பு மின்னுவதை அறவே தவிர்த்துவிடுங்கள், அது தனியாகவே கெட்டது.

பீட்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். நிமிடத்துக்கு 90 பீட் உள்ள பாட்டில் பீட்டுக்கு ஒரு ஃபிளாஷ் என்றால் விநாடிக்கு ஒன்றரை, பரவாயில்லை. பீட்டுக்கு இரண்டு என்றால் மூன்று, விளிம்பு. நான்கு என்றால் ஆறு, கூடவே கூடாது.

அப்புறம் கோடுகள். புதுச்சேரி வெள்ளை நகரத்தில் ஷூட் போகிறவர்கள் மஞ்சள் சுவரில் இருக்கும் அந்தப் பலகைச் சட்ட ஜன்னல்களை விடமாட்டார்கள். கடை ஷட்டர், தகரக் கூரை, கம்பி கேட் எல்லாமே இதே வகை. கறுப்பு வெள்ளையாக நெருக்கமான கோடுகள் திரையை நிறைத்து, அதுவும் ஜூம் அடித்து ஆடும்போது, ஃபிளாஷ் போலவே மூளையைத் தொந்தரவு செய்யும். கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை, அதாவது கான்ட்ராஸ்டை, குறைத்துவிடுங்கள்.

இன்னொன்று, ஷூட்டிங்கிலேயே வந்துவிடும் மினுமினுப்பு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 அலை. அதற்குப் பொருந்தும்படி கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் வையுங்கள். போனில் 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் மாற்றுங்கள். விலை குறைந்த எல்இடி விளக்குகள் அலையலையாக மினுங்குவது பெரும்பாலும் இது பொருந்தாததால்தான்.

சரிபார்ப்பது பெரிய வேலை இல்லை. நான் செய்வது: டைம்லைனில் 25 ஃபிரேமை மட்டும் மார்க் செய்து, அம்புக்குறியால் ஒவ்வொரு ஃபிரேமாகத் தட்டி, வெளிச்சம் ஏறி இறங்குவதை எண்ணுகிறேன். அந்த மார்க்கை நகர்த்தி நகர்த்தி, சந்தேகமான இடம் முழுவதும். வெளிச்சத்தின் அளவை வரைபடமாகக் காட்டும் வேவ்ஃபார்ம் ஸ்கோப் திறந்து வைத்தால் இன்னும் சுலபம், கோடு மேலும் கீழும் துள்ளுவது கண்ணுக்கே தெரியும். ஐரிஸ் என்று ஒரு மென்பொருளை இஏ என்ற வீடியோ கேம் நிறுவனம் 2023-ல் இலவசமாகத் திறந்துவிட்டிருக்கிறது. வீடியோவைக் கொடுத்தால் எந்த ஃபிரேமில் சிக்கல் என்று சொல்லும்.

எச்சரிக்கை கார்டு போட்டால் போதாதா என்பார்கள். போடுங்கள், நல்லதுதான். ஆனால் நம் வீடியோவை யார் தொடக்கத்திலிருந்து பார்க்கிறார்கள்? நடுவில் ஒரு 30 விநாடியை வெட்டி ஷார்ட்ஸில் போடுவார்கள், ஸ்டேட்டஸில் வைப்பார்கள். கார்டு அங்கே போகாது, ஃபிளாஷ் மட்டும் போகும்.

பையனைச் சாய்த்த அந்த 4 விநாடியை நான் மறுபடி எடிட் செய்தேன். ஷூட் செய்த எல்லா ஃபுட்டேஜையும் தேடியதில் ஒரு ஷாட் கிடைத்தது. தாழங்குடா பக்கம் கரையில் ஏற்றி வைத்த ஃபைபர் படகின் ஓரத்தில், பாடகன் வரிக்குக் காத்திருக்கும்போது விரல்களால் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறான். யாரும் திட்டமிட்டு எடுத்தது இல்லை, கேமரா ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நான்கு விரலும் அதே ஹை-ஹாட்டைத் தட்டுகின்றன, நகத்தில் உப்பு படிந்திருக்கிறது. வெட்டே இல்லாமல் அதை முழுசாக வைத்தேன். கடைசியில் பேஸ், அந்த ஆழமான அடி ஒலி, இறங்கும் இடத்தில் ஒரே ஒரு வெள்ளை ஃபிரேம். 33 ஃபிளாஷில் வராத அதிர்ச்சி அந்த ஒன்றில் வந்தது. உண்மையாகவே பாட்டுக்கு இதுதான் பொருத்தமாக இருக்கிறது.

பார்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். திரையில் திடீரென்று மின்ன ஆரம்பித்து உங்களுக்கு ஒரு மாதிரி இருந்தால், இரண்டு கண்ணையும் மூடாதீர்கள். இமை வழியாகவும் வெளிச்சம் போகும். ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதாக மூடிக்கொண்டு திரையிலிருந்து முகத்தைத் திருப்புங்கள். அறையில் விளக்கு எரியட்டும், தள்ளி உட்காருங்கள். திரை மட்டும் இல்லை. புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போகும்போது தென்னை மர வரிசைக்குள் சாயங்கால வெயில் விட்டு விட்டு முகத்தில் அடிக்குமே, அதுவும் இதே வேலையைச் செய்யும். அந்த அம்மா இப்போது மகனை ஜன்னலோரத்தில் உட்கார வைப்பதில்லை. வலிப்பு வந்த ஒருவரைப் பார்த்தால் அந்த நர்ஸ் அக்கா செய்ததைச் செய்யுங்கள். நன்றாக நினைவு திரும்பும்வரை தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம். இழுப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நின்று மறுபடி வந்தாலோ, உடனே 108.

புது எடிட் தயாரானதும் பையன்களைச் சில்வர் பீச்சில் டீக்கடைக்குக் கூப்பிட்டேன். பழைய வீடியோ அதற்குள் 11 ஆயிரம் வியூஸ் தாண்டியிருந்தது. அவர்களுடைய முதல் பாட்டு. யூடியூபிலேயே அந்த இடத்தை வெட்டலாம், ஆனால் பாட்டும் சேர்ந்து வெட்டுப்படும். எடுத்துவிட்டுப் புதுசாகத்தான் ஏற்ற வேண்டும், எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்று சொன்னேன். இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பையனின் மாமா போனை எடுத்து அங்கேயே டெலீட் செய்தான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அப்புறம் அவன்தான் கேட்டான். "அண்ணே, யூடியூப்ல எடுத்தாச்சு. அவன் கிளாஸ் பசங்க போன்ல எல்லாம் டவுன்லோட் பண்ணி வச்சிருக்காங்களே, அதை எப்படி எடுக்கிறது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. டீ ஆறிப்போகும்வரை உட்கார்ந்து நான்கு பேரும் அவரவர் போனைத் திறந்தோம். பாட்டை அனுப்பிய ஒவ்வொரு வாட்ஸ்அப் குரூப்பையும் தேடி, புது வீடியோவைப் போட்டு, கீழே ஒரே வரியை ஒட்டினோம்: "பழைய வீடியோ பிள்ளைகளுக்கு ஆபத்து, தயவுசெய்து அழித்துவிடுங்கள்." இருட்டிய பிறகும் குரூப்கள் முடியவில்லை.